பேட்டரி மாற்றும் முன் ஒரு மீட்டர் வாங்குங்கள்

வண்டி மின்சாரம்: வாசகர் கேள்வி, பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கார் பேட்டரி பற்றியவை. காலையில் செல்ஃப் எடுக்கவில்லை, கடையில் பேட்டரி போச்சு என்றார்கள், புதிது வாங்கினோம், மறுபடியும் அதே தொல்லை. பல கடிதங்களும் இப்படித்தான் போகின்றன. அதனால் இந்த இதழில் பேட்டரிக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சங்ககிரியில் லாரிகளுக்கு வயரிங் செய்து தொழில் பழகியவன் நான். லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுப்பார்கள். ஒன்று சொத்தையானால் கூட இருக்கும் நல்லதும் கெட்டுவிடும். அளக்காமல் எந்தப் பேட்டரியையும் கழற்ற அந்தப் பட்டறையில் விடமாட்டார்கள். இப்போது ஈரோட்டில் கார்களைப் பார்க்கிறேன்; பழக்கம் அதேதான். கீழே சொல்வதில் முக்கால்வாசிக்கு ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். எலக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு பேட்டரிக்குச் சில ஆயிரம் கொடுக்கிற வீட்டில் அது கட்டாயம் இருக்க வேண்டும்.

கணவர் குவைத்தில் இருக்கிறார். வீட்டில் சின்ன பெட்ரோல் கார் நிற்கிறது. வாரம் ஒரு தடவை வெளியே எடுத்தால் அதிகம். ஒரே வருடத்தில் இரண்டு முறை பேட்டரி மாற்றியாயிற்று. இப்போது இருப்பதும் நேற்று இறங்கிவிட்டது. "ஓட்டாமல் வைத்தால் இப்படித்தான்" என்கிறார் கடைக்காரர். தினமும் காலையில் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறேனே, அப்படியும் ஏன் அண்ணா? (ஒரு வாசகி, மன்னார்குடி)

தங்கச்சி, கடைக்காரர் சொன்னதில் பாதிதான் உண்மை. நிற்கிற வண்டியின் பேட்டரி இறங்கும், சரி. ஆனால் பேட்டரியும் வயரிங்கும் நன்றாக இருந்தால் ஒரு வாரத்தில் இறங்காது. கணக்குப் போட்டே பார்க்கலாம். சாவியை எடுத்துப் பூட்டிய பிறகும் கடிகாரம், அலாரம், சென்ட்ரல் லாக், என்ஜின் கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். 20 முதல் 50 மில்லிஆம்பியர் வரை எடுப்பது இயல்பு. 50 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு) ஆகிறது. சின்ன பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் 35 ஆம்பியர் அவர் பேட்டரி இருக்கும். ஒரு வாரத்துக்குச் சுமார் எட்டரை போனாலும் மீதியில் வண்டி தாராளமாக ஸ்டார்ட் ஆகும்.

உங்கள் வண்டி தினமும் பத்து நிமிடம் ஓடியும் இறங்குகிறது. நின்ற இடத்தில் ஐடிலிங்கில் டைனமோ (பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டர்) முழு வேகத்தில் சுற்றாது. பத்து நிமிடத்தில் பேட்டரிக்கு ஒன்றோ ஒன்றரையோ ஆம்பியர் அவர் திரும்பினால் பெரிது. ஏசியும் ஃபேனும் போட்டிருந்தால் அதுவும் வராது. ஆனாலும் இயல்பான செலவு 1.2 தான் என்பதால், அந்தப் பத்து நிமிடமே ஓரளவு ஈடுகட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை. அப்படியானால் உங்கள் வண்டியில் இயல்பைவிடப் பல மடங்கு மின்சாரம் எங்கோ கசிகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வரிசையாக வந்த பேட்டரிகள் எல்லாமே சொத்தையாக இருப்பது அபூர்வம்.

இதை நீங்களே உறுதி செய்யலாம். முதலில் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் போடுங்கள், அல்லது போடச் சொல்லுங்கள். சார்ஜரைக் கழற்றி ஒரு ராத்திரி விடுங்கள். சார்ஜ் போட்ட உடனே மீட்டர் காட்டும் வோல்ட்டேஜ் பொய்யாக ஏறி நிற்கும். அது அடங்கிய பிறகு பார்ப்பதுதான் சரியான அளவு. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்புக் கம்பியைப் பாசிட்டிவ் முனையிலும் கறுப்பை நெகட்டிவ் முனையிலும் வையுங்கள். 12.6 அல்லது 12.7 வந்தால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு பத்தாம் நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழற்றித் தனியாக ஒதுக்கி வையுங்கள். சாவி உங்கள் கையில் இருக்கட்டும். கதவைப் பூட்டிவிட்டுக் கழற்றினால் சில வண்டிகளில் திறப்பது சிரமம். மூன்று நாள் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். எண் அப்படியே நின்றால் பேட்டரி நல்லது, வண்டிதான் குடிக்கிறது. கழற்றி வைத்தும் 12.3, 12.1 என்று இறங்கினால் பேட்டரிக்குள்ளேயே கோளாறு. இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் உங்களுக்கு ஒரு பேட்டரி விலையாவது மிஞ்சியிருக்கும் என்பதுதான் என் ஆதங்கம்.

வண்டிதான் குடிக்கிறது என்று தெரிந்தால் அடுத்தது கசிவைத் தேடுவது. கூட ஒரு ஆள் இருந்தால் நல்லது. பானெட்டைத் திறந்து, எல்லாக் கதவையும் சாத்தி, சாவியைத் தள்ளி வைத்துவிட்டு அரை மணி நேரமாவது காத்திருங்கள். இன்றைய கார்களில் கம்ப்யூட்டர்கள் உடனே உறங்காது. அவசரப்பட்டு அளந்தால் பெரிய எண்ணைப் பார்த்துப் பயந்துபோவீர்கள். மீட்டரின் சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, நெகட்டிவ் கிளாம்ப்புக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை இணைக்க வேண்டும். கிளாம்ப்பைக் கழற்றி மீட்டரை வைத்ததும் கம்ப்யூட்டர்கள் மறுபடி விழித்துக்கொள்ளும் என்பதால் அதற்கும் அரை மணி நேரம் கொடுங்கள். மீட்டர் நடுவில் இருக்கும்போது யாரும் சாவியைத் திருப்பக் கூடாது, திருப்பினால் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். 0.05 ஆம்பியருக்குள், அதாவது 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் நல்லது. 0.1க்கு மேலே நின்றால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள். எதை உருவும்போது எண் சட்டென்று விழுகிறதோ அந்தச் சர்க்யூட்டில்தான் கசிவு.

கடிதத்தில் நீங்கள் சொல்லாத ஒன்றைக் கேட்கிறேன். உங்கள் கணவர் ஊருக்குப் போகும் முன் வண்டியில் ஜிபிஎஸ் கருவியோ, டேஷ் கேமராவோ, வெளிக் கடையில் புது மியூசிக் சிஸ்டமோ மாட்டினாரா? என்னிடம் வரும் கசிவுக் கேஸ்களில் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். சாவியோடு அணைய வேண்டிய வயரை நேராகப் பேட்டரியில் கொடுத்திருப்பார்கள். அப்புறம் டிக்கி விளக்கு. மூடிய டிக்கிக்குள் அது எரிவதை யார் பார்க்கிறார்கள்? போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடித் திறந்தால் தெரிந்துவிடும்.

கசிவு சரியாகும் வரை தினமும் பத்து நிமிட ஸ்டார்ட்டை நிறுத்திவிடுங்கள். வாரம் ஒருமுறை நீடாமங்கலம் வரையாவது போய்த் திரும்புங்கள். அரை மணி, முக்கால் மணி நேரம் ஓடினால்தான் பேட்டரிக்கு உருப்படியாக ஏதாவது சேரும். ஒரு மாதம் எடுக்கவே போவதில்லை என்றால் நெகட்டிவைக் கழற்றி வைப்பது நல்ல வழி. பாதிச் சார்ஜில் வாரக்கணக்கில் கிடக்கும் பேட்டரியில் ஈயத் தகடுகள் மேல் சல்ஃபேட் படிந்து கெட்டியாகும். அதன் பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு வராது. முந்தைய பேட்டரிகளைக் கொன்றதும் இதுவாகத்தான் இருக்கும்.

காலையில் சாவியைத் திருப்பினால் "டக டக டக" என்று சத்தம் மட்டும் வருகிறது. கொஞ்ச நேரம் கழித்து எடுத்துவிடுகிறது. செல்ஃப் மோட்டாரை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். உண்மையா? (ஒரு வாசகர், பொள்ளாச்சி)

மாற்றாதீர்கள், சார். முதலில் ஹெட்லைட்டைப் போட்டுச் சுவரைப் பார்த்தபடி வண்டியை நிறுத்தி, சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். வெளிச்சம் செத்துப்போய் டக டக என்று வேகமாக அடித்தால் மின்சாரம் போதவில்லை. சோலனாய்டு (செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தை விடும் காந்த சுவிட்ச்) இழுக்கிறது, உடனே வோல்ட்டேஜ் விழுகிறது, விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. அந்தச் சத்தம்தான் அது. வெளிச்சம் குறையாமல் ஒரே ஒரு "டக்" மட்டும் வந்தால் செல்ஃப் மோட்டார் பக்கம் சந்தேகப்படலாம். விளக்கும் பிரகாசம், சத்தமும் இல்லை என்றால் பேட்டரியை விட்டுவிட்டு ரிலே, கிளட்ச் சுவிட்ச், ஆட்டோமேட்டிக் என்றால் கியர் பி-யில் இருக்கிறதா என்று பாருங்கள். சாவிப் படம் டேஷ்போர்டில் மின்னினால் இம்மொபிலைசர், அதாவது சாவியை அடையாளம் தெரியாவிட்டால் ஸ்டார்ட் ஆக விடாத பூட்டு. ரிமோட்டுக்குள் இருக்கும் சின்ன வட்ட செல், பெரும்பாலும் சி.ஆர். 2032, தீர்ந்துபோனதை வண்டிப் பேட்டரி கோளாறு என்று நினைப்பவர்களும் உண்டு.

உங்கள் கடிதத்தில் "கொஞ்ச நேரம் கழித்து எடுத்துவிடுகிறது" என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தீர்ந்துபோன பேட்டரி சும்மா இருந்து பெரிதாகத் தெம்பு பெறாது. டெர்மினலிலோ எர்த்திலோ (நெகட்டிவை வண்டியின் இரும்போடு சேர்க்கும் வயர்) தொடர்பு விட்டு விட்டு வந்தால்தான் பெரும்பாலும் இப்படி நடக்கும். பானெட்டைத் திறந்து பாருங்கள். முனைகளில் வெள்ளையாகவோ பச்சை நீலமாகவோ உப்புப் பூத்திருக்கிறதா? கிளாம்ப்பைக் கையால் திருகினால் அசைகிறதா? அசைந்தால் கோளாறு அங்கேதான்.

சுத்தம் செய்வது அரை மணி நேர வேலை. மோதிரம், வாட்ச், பிரேஸ்லெட் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஸ்பேனர் ஒரு பக்கம் பாசிட்டிவையும் மறுபக்கம் பாடியையும் தொட்டால் பழுக்கக் காய்ந்துவிடும். விரலில் தங்க மோதிரம் இருந்தால் எலும்பு வரைக்கும் சுடும். அதனாலேயே நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு ஸ்பூன் சமையல் சோடா கலந்து உப்பின் மேல் ஊற்றினால் நுரைத்துக் கரையும். மூடியுள்ள துளைகளுக்குள் அந்தத் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீர் விட்டுத் துடைத்துக் காயவையுங்கள். முனையும் கிளாம்ப்பின் உள்பக்கமும் பளபளக்கும்வரை உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கவும். இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். சிலர் கிரீஸை முதலில் பூசிவிட்டு அதற்கு மேல் கிளாம்ப்பை மாட்டுகிறார்கள். அது வேண்டாம், உலோகமும் உலோகமும் நேராகத் தொட வேண்டும்.

அதற்குப் பிறகும் தொல்லை இருந்தால் மீட்டரால் ஒரு சோதனை. மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரியின் ஈய முனையிலும், மற்றதை அதே முனையைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றையொன்று நன்றாகத் தொட்டால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இடத்திலேயே தடை இருக்கிறது. அதேபோல நெகட்டிவ் முனைக்கும் என்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதிக்கும் நடுவே பாருங்கள். 0.5 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் வயர் உள்ளுக்குள் அரித்திருக்கிறது. ஒரு எர்த் வயரின் விலையில் முடிகிற வேலைக்குச் செல்ஃப் மோட்டார் மாற்றிய வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் வண்டியும் அதில் சேர வேண்டாம்.

பேட்டரி டைனமோவிலிருந்து சார்ஜ் வாங்குகிறதா என்று பார்க்க, என்ஜின் ஓடும்போது ஒரு டெர்மினலைக் கழற்றுகிறார்கள். நானும் செய்யலாமா? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

கூடாது. கார்புரேட்டர் காலத்தில் வந்த பழக்கம் இது, இன்றைக்கும் சில பட்டறைகளில் செய்கிறார்கள். ஓடும் டைனமோவிலிருந்து பேட்டரியைப் பிடுங்கினால் அந்தக் கணத்தில் வோல்ட்டேஜ் பல மடங்கு எகிறும். என்ஜின் கம்ப்யூட்டர், ஏர்பேக் யூனிட், ஸ்டீரியோ எதுவும் போகலாம். யாராவது உங்கள் வண்டியில் செய்ய வந்தால் தைரியமாகத் தடுத்துவிடுங்கள்.

மீட்டர் இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை. என்ஜினை ஓடவிட்டு பேட்டரி முனைகளில் அளந்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வரவேண்டும். ஹெட்லைட், ஏசி போட்டு ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தாலும் 13.5க்குக் கீழே போகக் கூடாது. ஓடும்போதே 12.5, 12.4 என்று இறங்கிக்கொண்டே போனால் டைனமோ சார்ஜ் கொடுக்கவில்லை. பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 15ஐத் தாண்டினால் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரி கொதிக்கிறது. அழுகிய முட்டை நாற்றம் வந்தாலும் அதுதான். உடனே என்ஜினை நிறுத்திவிடுங்கள். பெட்ரோல் மிச்சம் பிடிக்க டைனமோவைக் கம்ப்யூட்டரே கட்டுப்படுத்தும் புதுக் கார்களில் எண் கொஞ்சம் ஏறி இறங்கும். அவற்றில் சில நிமிடங்கள் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மீட்டரில் 12.5 காட்டுகிறது. ஆனால் செல்ஃப் சுற்றவே இல்லை. மீட்டர் கெட்டுவிட்டதா? (ஒரு கல்லூரி மாணவர், திருச்சி)

மீட்டர் சரியாகத்தான் இருக்கும், தம்பி. வோல்ட்டேஜ் என்பது மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று காட்டுவதைப் போல. தொட்டிக்குள் பாதி சேறாக இருந்தாலும் மட்டம் அதேதான் காட்டும். குழாயைத் திறந்தால்தான் விஷயம் தெரியும். உங்கள் பேட்டரிக்கும் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும்.

மீட்டரை பேட்டரி முனைகளிலேயே வைத்துக்கொண்டு (கிளாம்ப்பில் வைக்காதீர்கள்) செல்ஃப் அடிக்கச் சொல்லி, எண் எவ்வளவு தாழ்கிறது என்று கவனியுங்கள். நல்ல பேட்டரி 10 வோல்ட்டுக்குப் பக்கத்திலோ அதற்கு மேலோ நிற்கும். நம் ஊர் வெப்பத்தில் 9.6க்குக் கீழே விழுந்தால், அதுவும் முழுச் சார்ஜுக்குப் பிறகும் விழுந்தால், பேட்டரி தன் காலத்தை முடித்துவிட்டது. 5, 6 என்று தரையைத் தொட்டால் உள்ளே ஒரு இணைப்பு அறுந்திருக்கலாம். 12.5 அப்படியே அசையாமல் நிற்கிறது, செல்ஃபும் சுற்றவில்லை என்றால் பேட்டரியிலிருந்து மின்சாரம் வெளியே போகவே இல்லை. அப்போது பொள்ளாச்சிக்காரருக்குச் சொன்ன வேலையைச் செய்யுங்கள்.

இன்னொரு எண்ணையும் நினைவில் வையுங்கள்: 10.5. பன்னிரண்டு வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல்கள், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டும் 10.5ஐத் தாண்டவில்லை என்றால் ஒரு செல் ஷார்ட் ஆகிவிட்டது. அதற்குச் சிகிச்சை இல்லை.

மூடி திறக்கிற வகைப் பேட்டரியாக இருந்தால் ஹைட்ரோமீட்டரும் வைத்துப் பார்க்கலாம். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு ஒவ்வொரு செல்லிலும் ஆசிட்டின் அடர்த்தியை எடுங்கள். நல்ல சார்ஜில் 1.25 முதல் 1.28 வரை இருக்கும். ஐந்து செல் 1.25, ஒன்று மட்டும் 1.18 என்றால் அந்த ஒன்றுதான் உங்கள் நோயாளி. செல்களுக்குள் வித்தியாசம் 0.05ஐத் தாண்டினாலே பேட்டரியை நம்பாதீர்கள்.

என்னுடையது மெயின்டனன்ஸ் ஃப்ரீ. மேலே உள்ள சின்னக் கண்ணாடியில் பச்சை தெரிகிறது. அப்படியானால் நல்லதுதானே? (ஒரு வாசகி, வேலூர்)

அந்தக் கண் ஆறு செல்களில் ஒன்றை மட்டுமே பார்க்கிறது. உள்ளே ஒரு சின்ன உருண்டை மிதக்கிறது, அவ்வளவுதான். மற்ற ஐந்தில் எது செத்தாலும் பச்சை பச்சையாகவே இருக்கும். கறுப்பு தெரிந்தால் சார்ஜ் போடுங்கள். வெளுத்தோ மஞ்சளாகவோ தெரிந்தால் உள்ளே திரவம் குறைந்துவிட்டது. திறக்க முடியாத பேட்டரி என்றால் மாற்றத்தான் வேண்டும். பச்சையை மட்டும் நம்பி வெளியூர் கிளம்பாதீர்கள், மேலே சொன்ன செல்ஃப் சோதனையைச் செய்துவிடுங்கள்.

எங்கள் ஊரில் மார்கழிக் குளிரில்தான் பேட்டரி போகிறது. குளிர்தான் பேட்டரிக்கு எதிரியா? (ஒரு வாசகர், கோத்தகிரி)

குளிர் காட்டிக்கொடுக்கிறது, கெடுப்பது வெயில். உறைநிலைக்குப் பக்கத்தில் போகும்போது பேட்டரியின் தெம்பு மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். என்ஜின் ஆயில் கெட்டியாகி, சுற்ற அதிக பலமும் வேண்டும். டீசல் வண்டி என்றால் கம்ப்ரஷனும் அதிகம், இன்னும் சிரமம். ஆனால் அந்தப் பேட்டரி ஏற்கெனவே நலிந்திருந்தால்தான் குளிரில் படுக்கும். வெப்பம் பத்து டிகிரி ஏற ஏற பேட்டரியின் ஆயுள் கிட்டத்தட்டப் பாதியாகும் என்பது தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. கத்திரி வெயிலில் கோவை, மேட்டுப்பாளையம் என்று தினமும் இறங்கி ஏறும் வண்டியின் பேட்டரி, பானெட்டுக்குள்ளே அந்த வெப்பத்தில்தான் தேய்கிறது. மே மாதத்தில் தேய்ந்தது டிசம்பரில் தெரிகிறது.

அதனால் நவம்பரிலேயே செல்ஃப் சோதனையைச் செய்துவிடுங்கள். திறக்கிற பேட்டரி என்றால் ஏப்ரல், மே மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மட்டம் பாருங்கள். தகடு வெளியே தெரியக் கூடாது. டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஆர்.ஓ. தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர், குழாய்த் தண்ணீர் எதுவும் வேண்டாம். ஆசிட் ஒருபோதும் ஊற்றாதீர்கள். பேட்டரியில் குறைவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயேதான் இருக்கிறது.

வீட்டு இன்வெர்ட்டரில் கார் பேட்டரியை மாட்டிச் சார்ஜ் போடலாமா? (ஒரு வாசகர், கும்பகோணம்)

வேண்டாம். 150 ஆம்பியர் அவர் டியூபுலர் பேட்டரிக்கென்று செய்த இன்வெர்ட்டர் 10, 15 ஆம்பியர் வரை தள்ளும். 35 ஆம்பியர் அவர் கார் பேட்டரிக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது மூன்றரை ஆம்பியர் அளவில் நிதானமாகப் போடுவதுதான் நல்லது. நிரம்பியதும் தானே குறைத்துக்கொள்ளும் ஸ்மார்ட் சார்ஜர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காற்றோட்டமான இடத்தில் வைத்துச் சார்ஜ் போடுங்கள், ஹைட்ரஜன் வாயு வெளியேறும். பக்கத்தில் விளக்கு, ஊதுவத்தி, சிகரெட் எதுவும் கூடாது.

பழைய கார் பேட்டரியை இன்வெர்ட்டருக்குப் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கார் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை. சில நொடிகள் பெரிய மின்சாரம் கொடுப்பதற்கென்றே செய்தவை. மணிக்கணக்கில் ஃபேன் ஓட்டினால் சீக்கிரமே போய்விடும்.

எங்களுடையது எலக்ட்ரிக் கார். இதெல்லாம் எங்களுக்கு வேண்டாம்தானே? (ஒரு வாசகி, சென்னை)

வேண்டும், அம்மா. பெரும்பாலான எலக்ட்ரிக் கார்களிலும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. கதவுப் பூட்டு, கம்ப்யூட்டர், பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் ரிலே எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. அது இறங்கினால், பெரிய பேட்டரியில் 80 சதவீதம் இருந்தாலும் வண்டி உயிர் பெறாது. 12 வோல்ட் முனைகளில் மீட்டர் வைத்து மேலே சொன்ன எண்களைப் பார்க்கலாம். ஆரஞ்சு நிற வயர்களை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள்.

பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்வது எப்படி? பயமாக இருக்கிறது. (ஒரு ஆசிரியை, தென்காசி)

பயம் நியாயமானதுதான், டீச்சர். வரிசை தெரிந்தால் போதும். இறங்கிய பேட்டரி உப்பியிருந்தாலோ, விரிசல் விட்டு ஒழுகினாலோ கேபிள் போடவே வேண்டாம். இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கட்டும், இரண்டையும் அணைத்துவிடுங்கள். சிவப்புக் கேபிளின் ஒரு முனை உங்கள் பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனை அவர்கள் பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பின் ஒரு முனை அவர்கள் நெகட்டிவில். கறுப்பின் கடைசி முனையை உங்கள் பேட்டரியில் மாட்டாதீர்கள். பேட்டரியை விட்டுத் தள்ளி, என்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். கடைசி இணைப்பில் பொறி பறக்கும், அந்தப் பொறி பேட்டரியின் வாயுவுக்குப் பக்கத்தில் பறக்கக் கூடாது. அவர்கள் வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு உங்களுடையதை ஸ்டார்ட் செய்யுங்கள். எடுத்ததும் மாட்டிய வரிசைக்குத் தலைகீழாகக் கழற்றுங்கள். நூல் மாதிரி மெல்லிய கேபிள்கள் மலிவாக விற்கின்றன, அவை சூடாகி உருகும். செம்புக் கம்பி தடியாக இருப்பதை வாங்குங்கள்.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா என்றால், மேனுவல் கியர் வண்டியில் இரண்டாவது கியரில் செய்யலாம். ஆட்டோமேட்டிக்கில் முடியாது.

எல்லாம் பார்த்துவிட்டேன், பேட்டரி போனது உறுதி. வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? (ஒரு வாசகர், நாமக்கல்)

பழைய பேட்டரியின் மேல் 38பி20எல் என்பது போல ஒரு எண் இருக்கும். அதே எண்ணைக் கேளுங்கள். கடைசி எழுத்து எல் என்பதற்குப் பதில் ஆர் வந்தால் முனைகள் இடம் மாறியிருக்கும், உங்கள் வயர் எட்டாது. சிக்னலில் தானாக அணைந்து எடுக்கும் வசதி உள்ள கார் என்றால் அதற்கென்று இருக்கும் ஈ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். வகையைத்தான் போட வேண்டும். மலிவாக இருக்கிறதென்று சாதாரண பேட்டரியைப் போட்டால் சீக்கிரம் போய்விடும். தயாரித்த மாதத்தைப் பார்த்து, கடையில் மாதக்கணக்கில் கிடந்ததை வேண்டாம் என்று சொல்லுங்கள். வாரண்டி கார்டில் தேதியும் முத்திரையும் அங்கேயே வாங்கிவிடுங்கள். இலவசமாக மாற்றித் தருவது எத்தனை மாதம், விலையில் ஒரு பகுதியைக் கழித்து மாற்றித் தருவது எத்தனை மாதம் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

பழையதைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரிகள் முறையான மறுசுழற்சிக்குப் போயாக வேண்டும். தெருவில் வரும் பழைய இரும்பு வியாபாரியிடம் கொடுத்தால் ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தை உருக்குவார்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பது அந்தத் தெருவின் குழந்தைகள்.

புதிதை மாட்டியதும் பிடிமானத் தகடு இறுக்கமாக இருக்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். குலுங்கும் பேட்டரியின் தகடுகள் உதிரும். பிறகு உங்கள் மீட்டரை எடுத்து, என்ஜின் நிற்கும்போது ஒருமுறை, ஓடும்போது ஒருமுறை கடை வாசலிலேயே அளந்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.